தடைக்கால ரசீதுகள்

அறுபத்தொரு நாள் தடையில் நாற்பதாவது நாள்.
வார்ஃபில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
சும்மா நிற்கின்றன.
காசிமேட்டு வலைக்கூடத்தில் இன்று நாடகம்.
வாசலில் ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் நான்,
மடியில் ரசீதுப் புத்தகம்.
என் கையெழுத்து கோழி கிளறின குப்பை.
ஆனால் மகளிர் குழுவில்
கணக்கு இடிக்காமல் வருவது என்னிடம்தான்,
அதனால் உட்காரவைத்துவிட்டார்கள்.

எதுக்கு வசூல் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
சொல்ல வாயெடுப்பதற்குள் தெரியும் தெரியும் என்கிறார்கள்.
பங்குனியில் தேசப்பன் கையை
வின்ச் இழுத்துக்கொண்டது.
மோதிர விரலும் சுண்டு விரலும் கடலோடு.
மிச்சம் மூன்று,
அதுவும் மடங்கமாட்டேன் என்கிறது.
ஸ்டான்லியில் தைத்து அனுப்பிவிட்டார்கள்.
இனி பிசியோ, போக வர ஆட்டோ,
வீட்டில் நாலு வாய்.
வருஷாவருஷம் நாடகத்துக்கு டோலக் அவன்தான்.
இந்த வருஷம் அவன் மச்சான் பையன்
காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுகிறான்.
பரவாயில்லை என்று சொல்லலாம். சொன்னோம்.

முதல் ரசீது ஐஸ் கம்பெனி புருஷோத்துக்கு.
"துட்டு இல்லம்மே, ஐஸ் எழுதிக்கோ."
ஐஸ், இரண்டு பார் என்று எழுதினேன்.
உடைத்து ரோஸ்மில்க்கில் போட்டு விற்றோம்.
ஒன்பது மணிக்குள்
ஐஸ் உருகி
ஆயிரத்து நூற்றுப்பத்து ரூபாய் ஆனது.

சைதானிபீ முந்தானை முடிச்சை அவிழ்த்து
இருநூறு தந்தார்.
"பேர் போடாத. என் மவன் பாத்தா கத்துவான்."
ஓர் அம்மா என்று எழுதினேன்.
பத்து நிமிஷத்தில் அந்த மகன், ஐநூறு.
"பேர் வேணாம்க்கா, அம்மா கத்தும்."
ஒரு பையன்.
அடுத்தடுத்த எண்கள். கார்பன் தாளில்
ஒன்றின் மேல் ஒன்று லேசாகப் படிந்திருந்தன.

உள்ளே எமன் வந்துவிட்டான்.
ஏலக்கார எத்திராஜ்.
இறால் பெட்டித் தெர்மாகோலில் வெட்டிய கிரீடம்,
ஜரிகைத் தாள் ஒட்டியும் போகாத வாடை.
பாசக்கயிறு நிஜமான நைலான் கயிறு.
கந்துவட்டிக்காரன் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டு
வசனத்தை மறந்துபோனான்.
மறைவிலிருந்து டெல்பினா எடுத்துக் கொடுக்கிறாள்,
காதில் விழவில்லை.
இருபது வருஷமாக விடியற்காலை மூன்று மணிக்குக்
கத்திப் பழகின வாய்
தானாகத் திறந்தது:
"உசுரு ஒண்ணு! நூறு ரூவா! ஒருதரம்!"

யாரோ நூற்றைம்பது என்றார்கள்.
விளையாட்டுக்குத்தான்.
அப்புறம் இருநூறு. பின்வரிசையில் முந்நூறு.
ராயபுரத்து மீன்காரிகள் விடுவார்களா?
வஞ்சிரத்துக்குப் பேசுகிற அதே குரலில்
செவுள் சிவப்பா இருக்கா காட்டு என்கிறார்கள்.
கந்துவட்டிக்காரன் வாயைத் திறந்து காட்டுகிறான்.
நான் செருப்பை விட்டுவிட்டு
ரசீதோடு உள்ளே ஓடினேன்.
கேட்டவன் எல்லாம் கொடுத்தாக வேண்டும்,
ஜெயித்தாலும் தோற்றாலும்.

எண்ணூறில் நின்றது.
"ரெண்டு தரம்..."
அப்போது தூணோரம் ஒரு கை உயர்ந்தது.
விரல் மூன்று.
"மூவாயிரம்!" என்றான் எமன்.
சொன்ன பிறகுதான் பார்த்தான்
யார் கை என்று.

மீன்பெட்டித் தாளம் நின்றது.
எங்கோ ஒரு குழந்தை ரோஸ்மில்க்கை
உறிஞ்சும் சத்தம் மட்டும்.
கிரீடத்தைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டான் எத்திராஜ்.
வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் சிரித்தது தேசப்பன்தான்.
"அஞ்சு காட்டணும்னா
நான் எங்கடா போவேன்?"
அதற்குப் பிறகு கூடம் சிரித்தது.
சிலர் சிரிக்காமல்
மூக்கைச் சிந்தினார்கள்.

என்னிடம் வந்தான், முப்பது ரூபாயோடு.
நான் வாங்கவில்லை.
"மூணு வெரல், முப்பது. ஏலத்துல கேட்டா
குடுக்கணும்னு நீதானே கத்தின."
பெயர் எழுதினேன்.
எதற்காக என்ற கட்டத்தில்
எல்லா ரசீதிலும் இருந்தது போலவே
தேசப்பன் கை வைத்தியத்துக்கு.
மடித்துச் சட்டைப்பையில் வைக்க
இடது கை போதவில்லை, பல்லால் உதவினான்.

ராத்திரி ஒன்றரை வரை எண்ணினோம்.
இருபத்தாறாயிரத்து முன்னூற்று நாற்பது,
ஒற்றைக் கம்மல் ஒன்று,
செல்லாத ரயில் சீசன் டிக்கெட்.
ரசீதுப்படி பார்த்தால் இருபது ரூபாய் அதிகம்.
மூன்று தடவை எண்ணினாலும் அதிகம்.
என் கணக்கு இடித்தது இதுதான் முதல் தடவை.
டெல்பினா கொட்டாவி விட்டாள்:
"கொறஞ்சாதானே அழணும், வா போலாம்."
வெளியே வந்தால்
நாற்காலி இருக்கிறது.
என் செருப்பைக் காணோம்.