இரண்டு கோடு சிக்னல்

வீரணன் கூப்பிட்டபோது
கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.
கண்மாய்க் கரைமேல் ஏறினால்தான்
போனில் இரண்டு கோடு காட்டும்.
ஏறினேன்.

அங்கே அப்போதுதான் ஆறரையாம்.
எட்டு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு
கம்ப்ரஸர் சத்தம் இல்லாமல்.
மேலூர்க் குவாரி மூடி
கென்யாக் கல்லுக்குப் போன மனுசன்
ஜீப்பில் நின்று, "பாரு செல்வி, பாரு" என்கிறான்.

நகுரு ஏரி.
கரையோரம் நெடுக வெளிறிய சிவப்பு.
சாயம்போன என் ரோஸ் சேலையை
அலசி விரித்த மாதிரி.
பூநாரையாம், அத்தனையும்.

காண்டாமிருகம் தலை நிமிர்த்தியது.
அதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைந்து
கொம்பு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.
பிறகு எருமைகள்.
"இதுக்கா காசு கட்டுன?"
"டாலர்ல" என்றான்.

எனக்குப் பின்னால் சரசரவென்று சத்தம்.
திரும்பினால் காட்டுக்குள் ஏழு மயில்.
ஆண் ஒன்று, மிச்சமெல்லாம் பொட்டை.
மண்கட்டியை எடுத்துக் கை ஓங்கினேன்.

போனுக்குள் யாரோ கத்தினார்கள்.
ஜீப் ஓட்டுகிறவர், ஒடியம்போ,
வீரணனை இடித்துக்கொண்டு
முகத்தைத் திரை முழுக்க வைத்திருந்தார்.
"கூண்டிலிருந்து தப்பிச்சதான்னு கேக்குறாரு."
"சனியன், சும்மா திரியுதுன்னு சொல்லு."
"பாக்க எவ்வளவு கட்டணும்னு கேக்குறாரு."

வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி
கழுத்துக் குழலைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்தாள்.
இன்னும் இரண்டு தலை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.
அவர்களுக்குப் பின்னால்
அத்தனை பூநாரையும்
பார்க்க ஆளில்லாமல் நின்றன.

ஆண்மயில் ஒரு செடியைப் பிடுங்கியது.
இரண்டு. நாலு.
விதைக்கடலை மூடை என்ன விலை என்று
அந்த ஜீப்பில் யாருக்குத் தெரியும்?
ஓங்கிய கை வலித்தது.
எறியவில்லை. கட்டியைக் காலடியில் வைத்தேன்,
முட்டை வைக்கிற மாதிரி.

சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது.
உடனே எறிந்தேன்.
படவில்லை. சத்தத்துக்கே பறந்து
கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தன,
தோகை தண்ணீரைத் தொட.

ராத்திரி குரல் செய்தி:
அடுத்த ஞாயிறு அவனுக்கு வேலையாம்,
ஒடியம்போவே கூப்பிடுவாராம்.
பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டணுமாம்.
ஒன்பது மணிக்குக் கரையில் நிற்கவேண்டுமாம்.

நான் நின்றுவிடுவேன்.
மயிலிடம் யார் சொல்வது?