ரயில் ஏறாத பணம்

சுவாவ்கிக்கு ரயில், மாணவர் சலுகை போக
அறுபத்தெட்டு ஸ்லோட்டி.
திரும்பி வர இன்னொரு அறுபத்தெட்டு.
நடுவில் வார்சாவில் நாலு மணி நேரம் நின்றால்
கை சும்மா இருக்காது, காப்பி கேட்கும்.
கூட்டிப் பார்த்தேன்.
நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று
அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.
நூலகம் பூட்டிக் கிடந்தது.
பூட்டின்மேல் ஒரு விரல் உயரத்துக்குப் பனி.

லூப்ளினில் எங்கள் விடுதி
டிசம்பர் இருபதில் காலியாகிவிடும்.
சக்கரப் பெட்டிகள் மாலை வரை
தடதடவென்று படி இறங்கின.
அப்புறம் குழாய் சொட்டுவது கேட்டது.
மூன்றாம் மாடியில் நானும்
பதினோரு பூந்தொட்டிகளும்.
தொட்டிக்கு ஐந்து ஸ்லோட்டி, வாரம் இருமுறை தண்ணீர்.
கிங்கா மட்டும் பேரம் பேசினாள்:
"கள்ளி குடிக்கவே குடிக்காதே, அதற்கு எதற்கு ஐந்து?"
மூன்றுக்கு முடிந்தது.

வெப்பம் விடுதிக் கணக்கு.
இலவசம் அது ஒன்றுதான் என்பதால்
செடிகளையும் இழுத்துக்கொண்டு
சூடாக்கியின் காலடியிலேயே குடியேறினேன்.
வாயைக் கட்டலாம், வயிற்றைக் கட்டலாம்,
மூக்கைக் கட்ட வழியில்லை.
கீழே காவலாளி ஸெனோன்
வெண்ணெயில் வெங்காயம் வதக்குகிறார்.

பொதுக் குளிர்பெட்டியில்
ஆளாளுக்குப் பேர் எழுதி ஒட்டிய மிச்சங்கள்.
யாக்னாவின் கடுகு விழுது, அரைக் குப்பி.
வித்தோல்டின் பாலாடைக்கட்டி, ஓரத்தில் பச்சை பூத்தது.
கிங்காவின் முட்டை இரண்டு.
யாருடையதென்றே தெரியாத ஊறவைத்த வெள்ளரி,
அடியில் மூன்று, என்னைப் பார்த்தபடி.
திருடவில்லை. நோட்டில் எழுதித்தான் தின்றேன்:
தேதி, பெயர், எத்தனை கரண்டி.
காலையில் கடுகு தடவிய ரொட்டி.
இரவில் கடுகு தடவிய உருளைக்கிழங்கு.
மதியத்தைத்
தூங்கிக் கடந்தேன்.

இருபத்துநான்காம் தேதி,
முதல் நட்சத்திரத்துக்கு முன்னாலேயே போன்.
தம்பி மீஷ்கோ, ஆறு வயது.
எங்கள் மேசையில் அன்றைக்கு ஒரு தட்டு கூடுதல்,
சொல்லாமல் கதவைத் தட்டுகிறவருக்கு.
இதுவரை யாரும் தட்டியதில்லை.
"போக்னா, இந்த வருஷம் ரெண்டு தட்டு காலி.
உன்னோடது எதுன்னு
அம்மா சொல்ல மாட்டேங்கிறா."
பின்னால் மீன் பொரிந்தது.
நூலகத்தில் இன்று கூட்டமே இல்லை என்றேன்.
அந்த வாரத்தில்
நான் சொன்ன ஒரே உண்மை.

எட்டாம் தேதி சக்கரங்கள் படியேறின.
யாக்னா நோட்டை முழுக்கப் படித்தாள்,
ஒன்றும் பேசாமல் குளிக்கப் போனாள்.
"நான் கிளம்பும்போதே அது பூசணம் பிடித்திருந்ததே,
நீ எப்படி உயிரோடு இருக்கிறாய்?" என்றான் வித்தோல்ட்.
கிங்கா முட்டைக்கு இரண்டு நாற்பது வாங்கிக்கொண்டாள்,
சில்லறையாக, எண்ணி.
அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது.
ஆக மிச்சம்
நூற்று எண்பத்தாறு ஸ்லோட்டி அறுபது.

அதே மாலை ஒரு பார்சல், அம்மாவின் கையெழுத்தில்.
செய்தித்தாள் சுற்றிய குடுவையில் பீட்ரூட் புளிச்சாறு,
உலர்ந்த காளான் ஒரு சரம்.
அஞ்சல் கட்டணம் இருபத்தொன்று தொண்ணூறு என்று
நெற்றியிலேயே அச்சடித்திருந்தது.
நோட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
வரவா, செலவா?
தேதி எழுதினேன். பெயர் எழுதினேன்.
கரண்டிகளை எண்ண மறந்துவிட்டேன்.

குடுவையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
காலிக் குடுவை வீடு திரும்பியாக வேண்டும்,
அது எங்கள் வீட்டுச் சட்டம்;
ஒரு மூடியைத் தொலைத்ததற்கு
அக்கா ஒரு வாரம் வசை வாங்கியிருக்கிறாள்.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஐம்பத்தொன்பதுக்கு இருக்கை இருக்கிறது,
கழிப்பறைக்குப் பக்கத்தில்.