நாலாம் மாடி

ஒரு பிரதி மூன்று, இன்னொன்று நான்கு
என்றார் டாக்டர் லிம்.
யார் எதைத் தந்தது என்று தாளில் இல்லை.
எனக்குத் தெரியும்.
கடைசி வருஷம் ஜெலுத்தோங் வீட்டில் அப்பா
நிலைக்கண்ணாடிக்குள் நின்றவரிடம்
ஆறு மாத வாடகைப் பாக்கி கேட்டார்.
அந்த ஆள் வாயே திறக்கவில்லை என்று
சாப்பிடாமல் படுத்தார்.

"விதி அல்ல, கூடுதல் வாய்ப்பு மட்டும்.
நிறைய நடங்கள்."

நடக்கிறேன்.
கொம்தார் கார் நிறுத்தத்தில் நாலாம் மாடி முழுக்க
சாவியை அழுத்திக்கொண்டே.
எந்த மைவியும் கண் சிமிட்டவில்லை.
போன வாரம்வரை இது வெறும் மறதி;
இன்று இதற்கு ஓர் எண்.

தூணுக்கு அந்தப் பக்கம்
இருபது வயதிருக்கும், ஒரு பையனும்
சாவியை நீட்டியபடி அலைகிறான்.
உனக்கு எத்தனை, தம்பி?
கேட்க வந்ததை விழுங்கினேன்.

"கீழே பார்த்தீங்களா ஆண்ட்டி?" என்றான்.

பார்க்கவில்லை.