மூன்று நொடி வளைகுடா

விண்வெளி நிலையத்துச் சன்னலிலிருந்து
யாரோ நொடிக்கு ஒன்றாய் எடுத்த படங்கள்
ஓடுகின்றன பிம்ச்சனோக்கின் கைப்பேசியில்.

பாங்காக் ஒரு தணல்.
மேகத்துக்குள் மின்னல்
விக்கி விக்கி நகர்கிறது.
அப்புறம் மூன்றே நொடி, அவர்கள் வளைகுடா.

"பச்சைப் புள்ளிகளைத் தேடு" என்றிருந்தான் விசூத்.
"கணவாய்க்கு விளக்கு கட்டிய படகுகள்.
அதில் ஒன்றில் நான்."

தேடினாள். நிறுத்தி, பின்னால் இழுத்து,
இரண்டு விரலால் கடலை அகட்டி.
வளைகுடா நெடுக
உருக்கிய ஈயமாய் நிலா.
ஒரு பச்சை இல்லை.

மூலையில் தேதி.

முழுநிலவில் கணவாய் விளக்குக்கு வராது;
வலைக்காரன் மகளுக்குத் தெரியாதா.

உலை கொதித்து வழிந்தது.
அந்த மூன்று நொடியை மறுபடி ஓட்டினாள்.
கரையோரம், சும்போனுக்குத் தெற்கே,
பெயர் எழுதாத ஊர்களில்
எத்தனை மஞ்சள் விளக்குகள்.