குறட்டுப் பல்

காலையில் லாரியைத் தூக்கினால்
டிஷ்யூ தாளில் மறுபடியும் வட்டம்.
பின்பக்கம், இடது.
ரிமோட் லாரி, என் முழங்கை நீளம்.
அதன் ஷாக் அப்சார்பர் என் சுண்டுவிரல்.
உள்ளே அரை ஸ்பூன் சிலிகான் எண்ணெய்.
அதை ஒரு ராத்திரி
வைத்திருக்கத் தெரியவில்லை அதற்கு.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
போகட்டெல்லோ ரயில் யார்டில்
நூற்றுப் பத்து சரக்குப் பெட்டிகளின் பிரேக் குழாய்களுக்குக்
காது கொடுத்தபடி நடப்பவன் நான்.
ஐடஹோவின் பனிக்காற்று
எவ்வளவு இரைந்தாலும் சொல்லிவிடுவேன்
எந்தக் குழாய் சீறுகிறதென்று.
எண்ணெய் சீறுவதில்லை.

முதல் வாரம் ஓ-ரிங் மாற்றினேன்.
மிளகளவு வளையம்,
கார்ப்பெட்டில் விழுந்தால் போனது போனதுதான்.
ஒன்று விழுந்தது.
மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடும்போது
மார்வா வாசலில் நின்று கேட்டாள்:
"பிரார்த்தனையா?"

அடுத்த வாரம் இரட்டை வளையம், பச்சைக் கிரீஸ்.
அதற்கடுத்து, கெட்டியானால் நிற்குமென்று
முப்பத்தைந்தாம் நம்பர் எண்ணெயை ஐம்பதாக்கினேன்.
நிற்கவில்லை, நிதானமாகக் கசிந்தது.
லாரி மட்டும் பெஞ்சுப் பலகைபோல் விறைத்து
முதல் மேட்டிலேயே மூக்கால் இறங்கியது.

ஒவ்வொரு முறையும்
குமிழி ஏறிவரக் காத்திருக்க வேண்டும்.
பிஸ்டனை மெல்ல மேலே,
மெல்லக் கீழே.
அவசரப்பட்டால் நுரை.
உண்மையைச் சொன்னால்
இந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கும்.
யாருக்கும் என்னால் எதுவும் ஆகவேண்டியதில்லை,
ஒரு குமிழியைத் தவிர.

நான்கு ஷாக்கையும்
நாற்பது டாலருக்கு எனக்கு விற்றவன்
வெர்ல் ஹாட்ஃபீல்ட்.
பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில்
சனிக்கிழமைப் பந்தயம்,
எல்லோரும் நிற்கிறார்கள்.
"ஓட்டை என்று தெரிந்தேதானே
என் தலையில் கட்டினாய்?"
டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைத்துக்கொண்டேயிருந்தான்.

நேற்று முன்தினம்
தண்டைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து
நகத்தால் வருடினேன்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை,
நகம் ஓரிடத்தில் தயங்கியது.
மார்வா தபால்தலை பார்க்கும் லென்ஸை எடுத்தேன்.
மூன்று கோடுகள், பக்கத்தில் பக்கத்தில்,
அளந்து வைத்ததுபோல.

வாங்கிய அன்று இரவே
பிஸ்டன் மாற்றும் ஆசையில்
இந்தத் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகியது
யார்?
துணிகூடச் சுற்றாமல்?

குறட்டை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்.
பல்லுக்குப் பல் பொருந்தியது.
ஒவ்வொரு குதிப்புக்கும் அந்தக் கீறல்
உள்ளே போய் வெளியே வந்து
புத்தம்புது வளையங்களை
அரிந்துகொண்டிருந்திருக்கிறது.
ஆடத் தெரியாதவன்
வெர்லின் கூடத்தைக் கோணல் என்றிருக்கிறேன்,
அதுவும் கூட்டத்தில்.

காரில் வரும்போது
மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.
மேஜையில் தண்டை வைத்ததும்
மூன்றும் எங்கேயோ போய்விட்டன.
வெர்ல் அதை டியூப்லைட்டில் திருப்பிப் பார்த்தான்.
"குறடா?"
"குறடு."
பெட்டியைக் கிளறிப் புதுத் தண்டு ஒன்றும்
தோல் துண்டு ஒன்றும் எடுத்தான்.
"இனிமேல் இதை வைத்துப் பிடி."
"எவ்வளவு?"
"மூன்று டாலர்."
நான் நீட்டினேன்.
எண்ணி வாங்கிக்கொண்டான்.
மன்னித்தானா என்று தெரியவில்லை,
தோல் துண்டுக்குக் காசு கேட்கவில்லை.

இன்று காலை
பின்பக்கம் இடது, காய்ந்த தாள்.
முன்பக்கம் வலதில் ஒரு பொட்டு.
காபியாக இருக்கலாம்,
மேஜையில் எப்போதும் ஒரு கோப்பை இருக்கும்.
சிலிகானுக்கு வாசனை கிடையாது,
விரலால் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும்.
பார்க்கவில்லை.
ஏழு மணிக்கு ஷிஃப்ட்.