பதினாறு வயதுக்கு மேல்

பத்தாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு படிவம் கொடுத்தேன்:
"படத்தில் இரண்டிடத்தில் துப்பாக்கிச் சூடு.
பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கானது.
சம்மதமெனில் ஒப்பமிடுக."

இருபத்தொன்பது திரும்பி வந்தன.
ஒன்றில் மீன்குழம்புக் கறை.
ஒன்றில் தகப்பனின் ஒப்பம்,
மகளின் 'ர'வுக்குள்ள அதே வாலோடு.
"முத்தக் காட்சி உண்டோ?" என்று ஒரு தாய்.
துவக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஜெயதாரணனின் தகப்பன் மட்டும்
பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:
"காட்டுங்கோ ரீச்சர்.
ஹெலிச் சத்தம் வந்தால் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ.
பெடியனுக்காக இல்லை.
உங்கட மதிலுக்கு அங்கால
நான்தான் சாந்து குழைக்கிறன்."

வெள்ளிக்கிழமை, கொக்குவில் வெயில்.
யன்னல்களைச் சாத்தினால் பிள்ளைகள் அவிந்துபோவார்கள்.
படம் ஓடுகிறது.
அவர்கள் திரையைப் பார்க்கிறார்கள்.
ரிமோட்டில் பெருவிரலை வைத்தபடி
நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
மதிலுக்கு அங்கால்
சாந்தகப்பை சுரண்டும் சத்தத்தை.