நின்றபடி அரை மணி

ஞாயிறு காலை ஆறரை.
ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீர், ஒரு மாத்திரை.
காப்பி கூடாது. பால் கூடாது.
முப்பது நிமிடம் படுக்கவே கூடாது:
உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடுமாம்.
ஆகவே நிற்கிறேன்,
நான்காம் மாடி ஜன்னலில்,
ஸ்கோப்யே நகரத்துக்கே என்னைக் காவல் போட்டதுபோல.

ஐந்து வருடம் முன்பு, பிப்ரவரிப் பனியில்
குப்பைப் பையோடு சறுக்கிக் கையை ஊன்றினேன்.
பட்டாணி உரிப்பதுபோல் ஒரு சின்னச் சத்தம்.
மணிக்கட்டு.
படம் எடுத்துப் பார்த்து டாக்டர் ஷ்ப்ரேசா சொன்னாள்:
எலும்பின் அடர்த்தி மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.
இந்த ஊர் ஜனவரிக்கு அது நல்ல வெயிலாயிற்றே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ரசீதின் பின்பக்கம் படம் வரைந்தாள்.

எலும்பு கல் இல்லையாம்,
முடியாத கட்டட வேலையாம்.
ஒரு கூட்டம் இடித்துக்கொண்டே போகும்,
பின்னாலேயே ஒரு கூட்டம் பூசிக்கொண்டே வரும்.
மாதவிலக்கு நின்றபின்
இடிக்கிறவர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

இடிக்கிறவர்களை எனக்குத் தெரியாதா!
நகராட்சியில் முப்பத்தொரு வருடம்
இடிப்பு அனுமதி மேசை என்னுடையது.
எனக்கு ஐந்து வயதில் இந்த ஊர் குலுங்கி விழுந்தது;
பழைய ரயில் நிலையக் கடிகாரம்
இன்னும் ஐந்து பதினேழிலேயே நிற்கிறது.
அப்படிப்பட்டவள் கையில் முத்திரையைக் கொடுத்தார்கள்.
நகல் ஒன்று குறைகிறது என்பேன்.
கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது என்பேன்.
அடுத்த மாதம் வாருங்கள்.

மாத்திரையும் ஒரு செங்கல்கூட வைப்பதில்லை.
தின்னப்படுகிற இடமாகப் பார்த்து
எலும்போடு எலும்பாய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது.
இடிக்க வந்த செல் வாயை அழுத்தி, அமிலம் ஊற்றி,
கரைந்ததை விழுங்குகையில்
இதையும் விழுங்குகிறது.
பிறகு அதன் கொசுவம் வைத்த வாய் சப்பையாகி,
பிடி விட்டு,
செத்தும் போகிறது.
என் கோப்புகள் யாரையும் கொன்றதில்லை
என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மேல்மாடி ரிஸ்டோ வேறு கட்சி.
பஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முழங்காலுக்கு இபுப்ரொஃபென்.
‘முட்டி சரியாயிடுச்சு’ என்கிறான்.
முட்டி அப்படியேதான் இருக்கிறது;
வீங்கு, வலி என்று ஊதிவிடும் ரசாயனத்தைக்
காய்ச்சுகிற அடுப்பைத்தான் மாத்திரை அணைத்திருக்கிறது.
அதே அடுப்பில்தான் அவன் இரைப்பையின் உள்பூச்சும் தயாராகும்.
ஆகவே வயிற்றெரிச்சல்.
ஆகவே அதற்கொரு மாத்திரை.
தங்கை மகள் கல்யாணத்தில்
இரண்டு மணி நேரம் கைகோத்து ஆடினான்,
மறுநாள் படியிறங்கும்போது
எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்தான்.

போன வியாழன் ஷ்ப்ரேசா, ‘போதும், நிறுத்திவிடலாம்’ என்றாள்.
பயந்துவிட்டேன்.
விழுங்கியதெல்லாம் எலும்புக்குள் வருடக்கணக்கில் இருக்குமாம்,
அதுவே இனிக் கொஞ்ச காலம் காக்குமாம்.
அதோடு,
இடிப்பு குறைந்துபோன எலும்பில்
மயிரிழை விரிசல்கள் பழுதுபார்ப்பாரின்றிச் சேருமாம்.
அபூர்வமாக, வெகு அபூர்வமாக,
தொடையெலும்பு சாக்பீஸ்போல் ஒடியுமாம்,
விழாமலே, சும்மா நடக்கையில்.

தெபார் மாலோவில் ஒரு வீடு இருந்தது.
இரும்புப் பூவேலை செய்த பால்கனி.
அந்த அழகுக்காகக் கோப்பை மூன்று வருடம்
இழுப்பறையின் அடியிலேயே வைத்திருந்தேன்.
ஒரு நவம்பர் இரவு பால்கனி தானாகவே இறங்கியது.
கீழே ஆளில்லை.
ஒரு சிவப்பு சைக்கிள் மட்டும்.
சின்ன சைக்கிள்.

ஆறு ஐம்பத்தெட்டு.
வயிற்றில் கடைசி மாத்திரை.
செம்புக் கெண்டியில் காப்பித்தூள் தயார்,
அடுப்பு இன்னும் ஏற்றவில்லை.
எதிர்த் தெருவில், ஞாயிறென்றும் பாராமல்,
மஞ்சள் இயந்திரம் ஒன்று கையைத் தூக்குகிறது.
யார் முத்திரை குத்தினார்களோ.
ஓடிப்போய்த் தேதியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.
இன்னும் இரண்டு நிமிடம் நிற்கிறேன்.